வருத்தம் வந்த நாய்க்கு எதைக் கொடுப்பது?

மனிதருக்கே மூன்று வேளைச் சாப்பாடு நிச்சயமில்லாத வீடுகள் இருக்கும்போது நாயின் உணவைப் பற்றி ஒரு கட்டுரை தேவைதானா என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் இதுவரை அப்படிக் கேட்டவர்கள் தோட்டம் செய்யாதவர்களே. காட்டோரக் காணியில் கச்சானோ உழுந்தோ போட்டவர்கள் எவரும் எம்மிடம் அப்படிக் கேட்டதில்லை. இரவில் பன்றி இறங்கினால் முதலில் குரைப்பது நாய். குரங்கை விரட்டுவதும் அதுதான். கொட்டிலுக்குள் பாம்பு புகுந்தால் பிள்ளைகளுக்கு முன்பாக அதைக் காண்பதும் நாய்தான். காவல் நாய் படுத்துவிட்டால் ஒரு போகத்தின் விளைச்சலில் நல்லதொரு பங்கு போய்விடும் என்பதை எமது வாசகர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை.

1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 ஒக்ரோபரில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஊர்களிலிருந்தும், 2008, 2009 ஆம் ஆண்டுகளில் வன்னி முழுவதிலுமிருந்தும் சனங்கள் புறப்பட்டபோது நாய்களும் பின்னால் வந்தன. வர முடியாதவை பூட்டிய படலைக்கு முன்னால் கிடந்தன. தோபித்து நூலில் தோபியா தூர வழி புறப்பட்டபோது நாயும் கூடப் போனது என்று ஒரு வரி வருகிறது. அந்த நாய் அங்கே ஒன்றும் செய்வதில்லை, சும்மா கூடப் போகிறது. இடம்பெயர்ந்து பழகிய எமது மக்களுக்கு அந்த வரியை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. காணிகளுக்குத் திரும்பியவர்களும், இன்னும் திரும்ப முடியாமல் வேறு ஊர்களில் குத்தகைக்குத் தோட்டம் செய்பவர்களும், முதலில் தேடிக்கொண்டவற்றுள் ஒரு நாய்க்குட்டியும் இருந்தது.

இந்த நாய்க்கு வருத்தம் வந்தால் வீட்டில் இரண்டில் ஒன்று நடக்கிறது. ஒன்று, “தானாகச் சுகப்படும்” என்று விட்டுவிடுகிறோம். மற்றது, பாசத்தினால் “சத்தான” சாப்பாடு என்று கருவாடு, பால், ஈரல், விருந்தில் மிஞ்சிய இறைச்சிக் கறி எல்லாவற்றையும் வைக்கிறோம். இந்த இரண்டாவது வழியினால் கெட்டுப்போன நாய்கள், பட்டினியால் கெட்டவற்றுக்குக் குறைந்தவை அல்ல என்பது எமது கணிப்பு. நோய்க்கு ஏற்ற உணவு என்பது கூடுதலான உணவு அன்று. ஒரு நோய்க்கு மருந்தாகும் மீன் இன்னொரு நோய்க்கு நஞ்சாகும். ஆகவே சட்டியை அடுப்பில் வைப்பதற்கு முன் நாயைப் பார்க்க வேண்டும்.

எதைப் பார்ப்பது? மேலுதட்டைத் தூக்கி முரசைப் பாருங்கள். சுகமான நாயின் முரசு இளஞ்சிவப்பாயிருக்கும் (கறுத்த முரசுள்ள நாயானால் கீழ் இமையை இழுத்து உட்பக்கத்தைப் பாருங்கள்). வெளிறியிருந்தால் இரத்தம் குறைந்துள்ளது. மலம் இளகியிருக்கிறதா, இரத்தம் அல்லது சளி கலந்துள்ளதா, சிறுநீர் என்ன நிறம், வழக்கத்தை விடக் கூடத் தண்ணீர் குடிக்கிறதா, காதுக்குள்ளும் விரல் இடுக்குகளிலும் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். நிறையும் தேவை. நெல் நிறுக்கும் தராசில் ஒருவர் நாயைத் தூக்கிக்கொண்டு ஏறி, பின் தனியே ஏறி, கழித்துப் பார்த்தால் போதும். மருந்தும் சாப்பாடும் இந்த நிறையைக் கொண்டே அளக்கப்படும்.

சுகமான நாயின் சட்டி

நோய் உணவை விளங்கிக்கொள்ள, சுகமான நாய்க்கு என்ன வேண்டும் என்பதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது. எமது ஊர் நாய் பெரும்பாலும் சோற்றில் வளர்கிறது. சோற்றில் பிழை இல்லை. நன்கு அவிந்த சோறு நாய்க்குச் சமிக்கும். குறை என்னவென்றால் சோற்றில் புரதம் போதாது. காய்ந்த நிலையில் கணக்கிட்டால் வளர்ந்த நாயின் உணவில் ஏறக்குறைய 18 வீதம் புரதம் இருக்க வேண்டும் என்பது பொதுவான அளவு. வெறும் சோற்றில் இருப்பது அதில் பாதி அளவுதான். சோறும் சொதியும் மட்டும் தின்னும் நாய் வயிறு நிறைந்தும் மெலிவதற்கும், உரோமம் கொட்டுவதற்கும் இது ஒரு காரணம்.

நடுத்தர ஊர் நாய் ஒன்று 15 கிலோ நிறை என்று வைப்போம். அதற்கு ஒரு நாளுக்கு 800 கலோரிக்குச் சற்றுக் கூடத் தேவைப்படும். 140 கிராம் அரிசியை அவித்தால் வரும் சோறு (சுமார் 400 கிராம்), அவித்த மீன் 150 கிராம், ஒரு முட்டை, ஒரு தேக்கரண்டி எண்ணெய், இவற்றோடு ஒரு பிடி பூசணியோ கீரையோ சேர்ந்தால் அந்தக் கணக்குச் சரிவரும். முழு மீன் கிடைக்காத இடத்தில் மீன் வியாபாரி வெட்டி எறியும் தலையும் வாலும், சூடை, நெத்தலி போன்ற சிறு மீன்களும் போதும். நெத்தலியின் முள் நன்றாக அவிந்தால் மெத்தென்றாகிவிடும். எலும்புக்கான கல்சியமும் அதிலிருந்து கிடைக்கும். முள் நீக்கிய மீனோ இறைச்சியோ மட்டும் கொடுப்பதானால் முட்டைக் கோதைக் கழுவி, வறுத்து, மாவாக இடித்து, நாளுக்கு அரைத் தேக்கரண்டி சோற்றில் கலக்கலாம். மீன் இல்லாத நாளில் குழைய அவித்த பருப்பு உதவும். சோயா மீற்றும் உதவும். ஆனால் அதன் பைக்கற்றினுள் வரும் சுவைத்தூளை எறிந்துவிட வேண்டும். அதில் உப்பும் வெங்காயத்தூளும் உள்ளிப்பொடியும் இருக்கும்.

கடைகளில் விற்கும் நாய் உணவுப் பைகளைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. நல்லவைதாம். ஆனால் 2022 இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் அவற்றின் விலை எமது வாசகர்களில் பெரும்பாலானோருக்கு எட்டாதது. ஆகவே அவற்றை விட்டுவிடுவோம். இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறோம். கிளினிக்கில் தாய்க்கும் பிள்ளைக்கும் தரும் திரிபோஷாவை நாய்க்குக் கரைத்து வைப்பதைச் சில வீடுகளில் கண்டிருக்கிறோம். அது பிள்ளையின் பங்கு. நாய்க்கு வேறு வழி இருக்கிறது.

கறிச்சட்டியின் ஆபத்துகள்

எமது சமையலின் சுவை எதில் இருக்கிறதோ அதிலேதான் நாய்க்குக் கேடும் இருக்கிறது. வெங்காயமும் உள்ளியும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும் பொருள்களைக் கொண்டவை. நாய் தன் நிறையில் 0.5 வீதம் வெங்காயத்தை ஒரே தடவையில் தின்றால் நஞ்சாகலாம். 15 கிலோ நாய்க்கு இது 75 கிராம், அதாவது ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம். சிறிது சிறிதாகப் பல நாள் தின்றாலும் இரத்தம் குறையும். உள்ளியின் வேகம் இன்னும் கூட. அவித்தாலோ பொரித்தாலோ இந்த நஞ்சு போகாது. தின்று சில நாள் கழித்தே முரசு வெளிறும், சிறுநீர் கறுக்கும். அதனால் காரணம் வெங்காயம் என்று யாரும் நினைப்பதில்லை. வெங்காயம் செய்பவர்கள் கழிவு வெங்காயத்தை நாய் எட்டும் இடத்தில் குவிக்காதிருப்பது நல்லது.

முந்திரிகைப் பழம், அதாவது திராட்சை, சில நாய்களின் சிறுநீரகத்தை ஓரிரு நாளிலேயே செயலிழக்கச் செய்துவிடும். யாழ்ப்பாணத்தில் முந்திரிகைப் பந்தல் வைத்திருப்போர் இதைக் குறித்துக்கொள்க. இதன் காரணம் நெடுங்காலமாகத் தெரியாதிருந்தது. அப்பழத்திலுள்ள தாத்தாரிக் அமிலமே காரணமாயிருக்கலாம் என்று அண்மைக் காலத்தில் மிருக வைத்தியர்கள் கருதத் தொடங்கியுள்ளனர். புளி தின்ற நாய்களுக்கும் அதேபோன்ற சிறுநீரகப் பாதிப்பு ஏற்பட்டதை 2022 இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை எடுத்துக்காட்டியது. புளியில் அந்த அமிலம் நிறைய உண்டு. எமக்கு இது முக்கியமான செய்தி. எங்கள் மீன் குழம்பு புளியில்லாமல் இல்லையே.

“வருடக்கணக்காக மீன் குழம்புச் சோறுதான் போட்டோம், ஒன்றும் நடக்கவில்லையே” என்று கேட்பீர்கள். உண்மைதான். சோற்றில் தெளித்த குழம்பின் அளவு கொஞ்சம். இளம் நாய் அதைத் தாங்கியிருக்கும். ஆனால் வருத்தம் வந்த நாயின் உடம்பு அந்தக் கொஞ்சத்தையும் தாங்காது. வழி மிக எளிது: கறி கூட்டுமுன், உப்பு, தூள், வெங்காயம், புளி எதுவும் போடாமல் நாய்க்குரிய மீன் துண்டைத் தனியே எடுத்து ஒரு பேணியில் அவித்துவிடுங்கள். விறகு அதிகம் செலவாகாது, சோறு இறக்கிய அடுப்பின் தணலே போதும்.

அவித்த கோழி எலும்பு ஊசிபோல் பிளந்து குடலைக் கிழிக்கும். ஆடு, மாடு வெட்டும் இடத்தில் எறியும் ஈரலையும் நுரையீரலையும் பச்சையாகக் கொடுக்கவே கூடாது. அவற்றில் இருக்கக்கூடிய நாடாப்புழுவின் நீர்க்கட்டி நாயின் குடலில் புழுவாகி, அதன் முட்டை நாயின் மலத்தின் வழியே மனிதரின் ஈரலில் போய்க் கட்டியாகும். நன்றாக அவித்தால் ஆபத்தில்லை. சொக்லேற்றும் நாய்க்கு நஞ்சு. எமது பிள்ளைகள் அதை நாய்க்கு மிச்சம் வைப்பார்கள் என்று நாம் நம்பவில்லை.

மெலிந்து வெளிறிய நாய்

மீளக்குடியேறிய ஊர்களில் நாம் அதிகம் காண்பது இந்த நாயைத்தான். விலா எலும்பு தெரியும், வயிறு மட்டும் உப்பியிருக்கும், முரசு வெள்ளைத் துணி போலிருக்கும். இதற்கு எவ்வளவு மீன் போட்டாலும் பயன் குறைவு, ஏனெனில் சாப்பாட்டை வேறொருவர் தின்கிறார். கொக்கிப்புழு குடற்சுவரைக் கடித்து இரத்தம் குடிக்கும். நாய்க் கொக்கிப்புழு ஒன்று நாளொன்றுக்கு 0.1 மில்லிலீற்றர் வரை குடிக்கலாம். நூறு புழு இருந்தால் இரண்டு தேக்கரண்டி இரத்தம். நாலு வாரக் குட்டி இதைத் தாங்குமா? இந்தப் புழுக்களில் ஒரு வகை இலங்கையின் பழைய பெயரைத் தன் விஞ்ஞானப் பெயரிலேயே சுமக்கிறது: அன்சைலொஸ்ரோமா சிலானிக்கம். இவ்வகை நாய்க்கும் பூனைக்கும் மட்டுமன்றி மனிதருக்கும் தொற்றும். ஈரமான மண்ணில் வெறுங்காலோடு நடக்கும் பிள்ளையின் தோல் வழியாகவே புகும்.

ஆகவே முதல் உணவு பூச்சி மருந்துதான். குட்டிகளுக்கு இரண்டு வார வயதில் தொடங்கி, மூன்று மாதம் வரை இரு வாரத்துக்கு ஒரு தடவையும், ஆறு மாதம் வரை மாதம் ஒரு தடவையும், பின்னர் மூன்று மாதத்துக்கு ஒரு தடவையும் கொடுப்பது வழக்கம். நிறைக்கேற்ற அளவை மிருக வைத்தியரிடம் கேட்டுக்கொள்க. மனிதருக்கு வாங்கிய குளிசையை உத்தேசமாக உடைத்துக் கொடுக்க வேண்டாம். உண்ணியையும் கவனிக்க வேண்டும். உண்ணி இரத்தம் குடிப்பதோடு காய்ச்சலையும் பரப்பும். காய்ச்சலோடு முரசு வெளிறி, மூக்கால் இரத்தம் வந்தாலோ சிறுநீர் கோப்பி நிறமானாலோ அன்றே வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். இந்த நிலையில் சாப்பாட்டால் ஒன்றும் ஆகாது.

புழு போன பிறகுதான் மீனும் முட்டையும் உடம்பில் பிடிக்கும். இழந்த இரத்தம் ஊற இரும்புச்சத்தும் புரதமும் வேண்டும். வாரத்தில் இரண்டு தடவை, அவித்த ஈரல் ஒரு நெருப்புப்பெட்டி அளவு போதும். அதற்கு மேல் ஈரல் கூடாது. மெலிந்த நாய்க்கு ஒரேயடியாக நிறையப் போடாமல், நாளுக்கு மூன்று நான்கு தடவையாகப் பங்கிட்டு, ஒரு வாரத்தில் மெல்ல மெல்ல அளவைக் கூட்டுங்கள். பட்டினி கிடந்த குடல் திடீர் விருந்தைத் தாங்காது என்பதை 2009 இல் முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்கள் தங்கள் உடம்பிலேயே அறிந்திருப்பார்கள்.

வயிற்றோட்டம்

வளர்ந்த நாய், சுறுசுறுப்பாக இருக்கிறது, மலம் மட்டும் இளகிப் போகிறது என்றால் வீட்டிலேயே பார்க்கலாம். அரை நாள் சாப்பாட்டை நிறுத்துங்கள். தண்ணீரை நிறுத்தாதீர்கள். கொதித்தாறிய நீரையோ ஜீவனிக் கரைசலையோ அடிக்கடி சிறிதளவு கொடுங்கள். பிறகு குழைந்த சோறு இரண்டு பங்கு, தோலும் கொழுப்பும் நீக்கி அவித்த கோழியோ முள் நீக்கிய வெள்ளை மீனோ ஒரு பங்கு. நாளுக்கு நாலைந்து தடவை, ஒவ்வொரு தடவையும் ஒரு சிரட்டை அளவு. அவித்து மசித்த பூசணி ஒரு மேசைக்கரண்டி சேர்த்தால் மலம் இறுகும். மூன்று நாள் இப்படிக் கொடுத்து, பின் வழக்கமான சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து நாலைந்து நாளில் பழையபடி ஆக்குங்கள். பால் வேண்டாம். வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பாலின் சீனி சமிக்காது, அதுவே வயிற்றோட்டத்தை உண்டாக்கும். பால்மா கரைத்துக் கொடுத்துக் குட்டியின் வயிற்றோட்டத்தை நாளாக்கிய வீடுகள் பல.

குட்டியைப் பட்டினி போடக் கூடாது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டி சத்தி எடுத்து, இரத்தமாகக் கழிந்து, சாப்பாட்டைத் திரும்பியும் பாராமல் படுத்தால் அது பார்வோ வைரசாக இருக்கலாம். கஞ்சி வைத்துப் பார்த்துக்கொண்டு இரண்டு நாளைக் கழித்தால் குட்டி போய்விடும். நரம்பு வழியே நீரேற்றினால் பிழைப்பவை உண்டு. இந்த வைரசு மண்ணில் பல மாதம் உயிரோடு இருக்கும் என்பதால், செத்த குட்டியின் இடத்துக்கு உடனே இன்னொன்றைக் கொண்டுவராதீர்கள். கொண்டுவருவதானால் தடுப்பூசி போட்டபின் கொண்டுவாருங்கள்.

தண்ணீர் ஓயாமல் குடிக்கும் வயதான நாய்

உணவின் மூலமே அதிகம் உதவக்கூடிய நோய் சிறுநீரக நோய்தான் என்பதால் இதை விரிவாகச் சொல்கிறோம். வவுனியாவின் சில கிராமங்களிலும் வடமத்திய மாகாணத்திலும் விவசாயிகளைத் தாக்கிய சிறுநீரக நோயை எமது வாசகர்கள் அறிவார்கள். கிளினிக்கில் உணவுக் கட்டுப்பாடு சொல்லப்பட்ட குடும்பங்களுக்கு இந்தப் பகுதி எளிதில் விளங்கும். நாய்க்கு இது பெரும்பாலும் முதுமையால் வருகிறது. எலிக்காய்ச்சலாலும் வரலாம். வயலில் எலியின் சிறுநீர் கலந்த நீரைக் குடிக்கும் நாய்க்கு அந்தக் கிருமி சிறுநீரகத்திலும் ஈரலிலும் போய்த் தங்கும். அப்படிப்பட்ட நாயின் சிறுநீர் மனிதருக்கும் தொற்றக்கூடியது. துப்புரவாக்கும்போது கையில் புண் இருந்தால் கவனம்.

முத்தையன்கட்டுப் பக்கத்தில் ஒரு குடும்பம். கச்சான் தோட்டத்துக் காவலுக்குப் பிறவுணி என்று ஒன்பது வயதுப் பெண் நாய். வாளித் தண்ணீரைக் குடித்து முடிக்கும், இரவில் நாலு தடவை எழும்பும், வாயில் நாற்றம், உடம்பு ஒட்டிவிட்டது. சாப்பாட்டில் மனமில்லை. அந்த வீட்டு அம்மம்மா கருவாடு போட்டுக் கஞ்சி காய்ச்சி வைத்தார். அதை மட்டும் பிறவுணி ஆவலோடு தின்றது, பின் சத்தி எடுத்தது. தின்கிறதே என்ற ஆறுதலில் மறுநாளும் கருவாடு. மிருக வைத்தியர் இரத்தத்தைச் சோதித்தபோது யூரியாவும் கிரியாற்றினினும் வெகுவாகக் கூடியிருந்தன.

கருவாட்டில் என்ன பிழை? பழுதான சிறுநீரகத்தால் மூன்றை வெளியேற்ற முடியாது: புரதம் சிதைந்து வரும் கழிவு, பொசுபரசு, உப்பு. கருவாட்டில் மூன்றும் நிறைந்திருக்கின்றன. முள்ளோடு கூடிய மீனிலும் எலும்பிலும் பொசுபரசு மிக அதிகம். சுகமான நாய்க்கு நாம் மேலே புகழ்ந்த நெத்தலி இந்த நாய்க்கு ஆகாது. அரிசியிலும் இப்படித்தான். சிவப்பரிசியின் தவிட்டில் பொசுபரசு உண்டு, ஆகவே இந்த நாய்க்கு நன்கு தீட்டிய வெள்ளையரிசியே பொருத்தம். எமது பக்கங்களில் தவிட்டுக்காக எத்தனையோ தடவை வாதாடியவர்கள் நாம். இது விதிவிலக்கு.

புரதத்தை முற்றாக நிறுத்தவும் கூடாது, நிறுத்தினால் தசை கரையும். கொஞ்சமாக, ஆனால் உயர்ந்த தரத்தில் கொடுக்க வேண்டும். இதற்கு முட்டை வெள்ளைக் கருவை விடச் சிறந்தது கிடைப்பது அரிது. புரதம் முழுத் தரம், பொசுபரசு மிகச் சொற்பம். 15 கிலோ நாய்க்கு நாளுக்கு 450 கிராம் வெள்ளைச் சோறு, அவித்த இரண்டு முட்டையின் வெள்ளைக் கரு, அவித்து நீரை ஊற்றிவிட்ட கோழியிறைச்சி 60 கிராம், சிறிது பூசணி, இரண்டு தேக்கரண்டி எண்ணெய் என்று ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம். அவித்த நீரோடு பொசுபரசின் ஒரு பகுதி போய்விடும். எண்ணெய் சக்தியைத் தரும், கழிவைக் கூட்டாது. முட்டைக் கோது மாவைச் சோற்றில் கலந்தால் அது குடலிலேயே பொசுபரசைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் நோயாளி நாய்க்கு அதன் அளவை வைத்தியரே சொல்ல வேண்டும். மாதக்கணக்காக இதே உணவென்றால் விற்றமின்களும் குறையும், அதையும் அவரிடம் கேட்க வேண்டும். தண்ணீரை மட்டும் ஒருபோதும் மட்டுப்படுத்தாதீர்கள். “குடித்துக் குடித்துத்தானே பெய்கிறது” என்று வாளியை எடுத்துவைப்பது பெருந்தவறு. சிறுநீர் தானாகவே போவதனால்தான் அது குடிக்கிறது. வலிக்கு என்று வீட்டிலிருக்கும் குளிசைகளைக் கொடுப்பதும் இந்த நாயைக் கொன்றுவிடலாம்.

இதை அந்த வீட்டில் சொன்னபோது அம்மம்மா சிரித்தார். “சுவாமி, நாய்க்கு முட்டை அவிச்சுக் குடுத்தால் ஊர் என்ன சொல்லும்? பேரப்பிள்ளைக்கே கிழமைக்கு நாலுதான் குடுக்கிறன்.” எம்மிடம் பதில் இருக்கவில்லை. பிள்ளையின் முட்டையைப் பிடுங்கி நாய்க்குக் கொடு என்று யாரும் சொல்ல முடியாது. வழியை அவரே கண்டுபிடித்தார். வீட்டில் முட்டை அவிக்கும் நாட்களில் பிள்ளைக்கு ஒரு முழு முட்டையும் இன்னொன்றின் மஞ்சட் கருவும், பிறவுணிக்கு அந்த இன்னொன்றின் வெள்ளைக் கருவும். மஞ்சட் கருவில்தான் பொசுபரசு இருக்கிறது, அது வளரும் பிள்ளைக்கு நல்லது, நாய்க்குக் கூடாது. முட்டையில்லாத நாட்களில் வீட்டுக்குக் கோழி வாங்கினால் நெஞ்சிறைச்சியில் ஒரு சிறு துண்டு. அதுவும் இல்லாவிட்டால் சோறும் பூசணியும் எண்ணெயும், அன்றைக்கு அவ்வளவுதான். கணக்குப்படி முழுமையான உணவு அன்று. ஆனால் கருவாடு நின்றது, சத்தி நின்றது. பிறவுணி அதற்குப் பிறகு இரண்டு கச்சான் போகம் காவல் இருந்தது.

வேறு இரண்டு

திருநாளும் கலியாணமும் முடிந்த மறுநாள் நாய் முதுகை வளைத்துக்கொண்டு, வயிற்றைத் தொட விடாமல், ஓயாமல் சத்தி எடுத்தால் அது சதையி (கணையம்) வீங்கியதாக இருக்கலாம். கொழுப்பு மிகுந்த மிச்சம் அதற்கு ஒரு முக்கிய காரணம். வைத்தியரிடம் போக வேண்டும். பின்னர் அந்த நாய்க்குக் கொழுப்பில்லாத சாப்பாடுதான், மேலே சொன்ன எண்ணெயும் கூடாது.

சொறிக்கு உணவை மாற்றிப் பார்ப்போர் பலர். “மீன் சூடு, அதனால்தான் சொறி” என்பார்கள். உணவு ஒவ்வாமையால் சொறி வருவது உண்டு, ஆனால் எமது நாய்களில் தெள்ளும் உண்ணியும் சொறிப்பூச்சியுமே முதற் காரணம். அவற்றுக்கு மருந்து போட்டும் மாறாவிட்டால் மட்டும், நாய் முன்பு தின்றிராத ஒரு புரதத்தையும் சோற்றையும் மட்டும் எட்டு வாரம் கொடுத்துப் பார்க்கலாம். இடையில் ஒரு துண்டு விசுக்கோத்து விழுந்தாலும் சோதனை கெட்டுவிடும். பிள்ளைகள் உள்ள வீட்டில் இது கடினம். பழைய எஞ்சின் ஒயிலைப் பூசுவதை நிறுத்துங்கள். நாய் அதை நக்கும், தோலும் அதை உறிஞ்சும், ஈரலும் சிறுநீரகமும் கெடும்.

வைத்தியரிடம் போகும்போது

அரச கால்நடை வைத்திய அலுவலகம் மாடு, ஆட்டுக்கு மட்டுமானது என்று எண்ணி நாயைக் கொண்டுபோகாதவர்கள் இருக்கிறார்கள். நாயையும் பார்ப்பார்கள். தூரமான இடமென்றால் நாயில்லாமல் போயும் கேட்கலாம். அப்படிப் போவோர் நாயின் நிறை, வயது, எத்தனை நாளாக வருத்தம், கடைசி மூன்று நாள் என்னென்ன தின்றது என்பதை ஒரு கடதாசியில் எழுதிக்கொண்டு போக வேண்டும். “எல்லாம் தின்னும்” என்பது பதில் ஆகாது. அன்று காலை மலத்தில் ஒரு துண்டைச் சிறு போத்தலில் மூடிக் கொண்டுபோனால் புழு முட்டையைப் பார்க்கும் வசதி இருந்தால் பார்ப்பார்கள். விசர்நாய்க்கடித் தடுப்பூசி போட்ட அட்டையையும் கொண்டுபோங்கள். தடுப்பூசி போடாத நாய் திடீரென்று சாப்பிட முடியாமல், வாயால் நீர் வடிய, குணம் மாறி நின்றால் அதன் வாய்க்குள் கை வைத்து எதையும் ஊட்ட முயலாதீர்கள். கட்ட முடிந்தால் கட்டி, பிள்ளைகளைத் தூர விலக்கி, உடனே பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள். அது கடித்திருந்தால், நகம் பட்டிருந்தால் கூட, காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவிக்கொண்டு வைத்தியசாலைக்குப் போங்கள்.

சில நாய்களுக்கு எந்த உணவும் பயன்படாத நாள் வரும். தண்ணீரும் இறங்காமல், எழும்பவும் முடியாமல் கிடக்கும் நாயைச் சாக்கில் கட்டிச் சந்தைப் பக்கமோ குளக்கட்டிலோ விட்டுவிட்டு வருவதை நாம் பார்த்திருக்கிறோம். வேண்டாம். வலியில்லாமல் முடிக்க ஊசி உண்டு, மிருக வைத்தியரிடம் கேளுங்கள். அதற்கும் வசதியில்லையென்றால் நிழலில் ஒரு சாக்கை விரித்துக் கிடத்தி, ஈரத் துணியால் வாயை நனைத்து, வீட்டாரின் குரல் கேட்கும் தூரத்தில் வைத்திருங்கள். செத்தபின் கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் தூரமாக, மற்ற நாய்கள் கிளறாத ஆழத்தில், மூன்றடிக்குக் குறையாமல் வெட்டித் தாழ்த்து, மேலே கல் வைத்துவிடுங்கள்.